பதினெட்டாம் லூயியின் பத்தொன்பதாம் ஆண்டு

1814 ஜூன் 4 அன்று பிரான்சுக்கு ஒரு புதிய அரசியல் சாசனம் கிடைத்தது. வழங்கியவர் மன்னர் பதினெட்டாம் லூயி. நெப்போலியன் முடிதுறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. லூயி நாடு திரும்பி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் சாசனத்தின் முடிவில், தேதி போடும் இடத்தில், தமது ஆட்சியின் பத்தொன்பதாம் ஆண்டில் இதை வழங்குவதாக அவர் எழுதினார். அவர் வரையில் கணக்கு சரிதான். அண்ணன் பதினாறாம் லூயியின் தலை 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினில் விழுந்தது. அந்த நொடியிலேயே, சிறையிலிருந்த ஏழு வயது மகன் பதினேழாம் லூயி ஆகிவிட்டான் என்பது அரச விசுவாசிகளின் கொள்கை. அந்தப் பையன் 1795 ஜூன் 8 அன்று தாம்ப்பிள் சிறையிலேயே நோயுற்று இறந்தான். அன்றிலிருந்து சித்தப்பா பதினெட்டாம் லூயி. ஆக, ஒரு நாள்கூட ஆளாத சிறுவனுக்கு ஓர் எண். வெரோனா, வார்சா, இங்கிலாந்து என்று அடைக்கலம் தேடி அலைந்த காலத்துக்கு ஆட்சி என்று பெயர். இடையில் வந்துபோன குடியரசுக்கும் பேரரசுக்கும் கணக்கில் இடமே இல்லை. இதை வீண் பெருமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒரே பெயரைத் தாங்கிய பல மனிதர்களை ஒரே தொடராகக் கட்டுவது எது? இரத்தமா, ஆன்மாவா, சட்டமா? பின்னால் வந்தவர் முன்னால் போனவரின் கடப்பாடுகளைத் தம்முடையவை என்று ஏற்றுக்கொள்வதுதான் அந்தக் கட்டு என்பது என் வாதம். அந்த ஏற்பு இல்லாத இடத்தில் பெயரும் எண்ணும் எதையும் தொடரச் செய்வதில்லை.

முதலில் எழக்கூடிய மறுப்பு எளிமையானது. எண்கள் வரலாற்றாசிரியர்களின் வசதிக்காக வந்தவை, அவற்றில் தத்துவம் தேட வேண்டியதில்லை என்று சொல்லலாம். வசதிக்காக மட்டும் வந்திருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கும். 1272-இல் இங்கிலாந்தில் ஆட்சிக்கு வந்தவரை முதலாம் எட்வர்ட் என்கிறோம். அவருக்கு முன்பே அந்நாட்டில் மூன்று எட்வர்ட்கள் ஆண்டிருந்தார்கள். அதில் ஒருவர் புனிதர் பட்டம் பெற்றவர். ஆனால் 1066-இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்ததிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது. அவருடைய பேரனை, படையெடுப்புக்குப் பிந்தைய மூன்றாம் எட்வர்ட் என்றே அக்கால ஆவணங்கள் குறித்தன. இத்தாலி 1861-இல் ஒன்றுபட்டபோது அதன் முதல் அரசர் தம்மை இரண்டாம் விக்டர் இம்மானுவேல் என்றே அழைத்துக்கொண்டார். சவாய் வம்சத்தின் பழைய அரசே விரிந்திருக்கிறது, புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்பது அதன் பொருள். 1878-இல் வந்த அவர் மகனோ, சவாய் கணக்கில் நான்காம் உம்பெர்த்தோவாக இருக்க வேண்டியவர், முதலாம் உம்பெர்த்தோ ஆனார். இத்தாலி புதிய நாடு என்பது அதன் பொருள். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் மாறியது நாடு என்றால் என்ன என்பது பற்றிய கருத்து. பிரான்சில் 1830 புரட்சியில் அரியணை ஏறிய ஓர்லியான் கோமகன், ஏழாம் பிலிப் என்ற பெயரை விட்டு லூயி பிலிப் என்ற புதுப் பெயரில் ஆண்டதும் இவ்வகையே. பழைய வரிசையில் நின்றால் பழைய உரிமையின் பேரில் ஆள்வதாகிவிடும். எனவே எண் என்பது ஒரு கூற்று. நான் எதன் தொடர்ச்சி, எதன் தொடர்ச்சி அல்ல என்று உயிரோடு இருப்பவர் சொல்லும் கூற்று.

அப்படியானால் தொடர்வது எது? இரத்தம் என்பது வழக்கமான பதில். ஆனால் ஐரோப்பாவின் மிக நீண்ட பெயர் வரிசை போப்களுடையது. அங்கே இரத்த உறவுக்கு இடமில்லை. 1958-இல் தேர்வான ரொன்காலி, இருபத்து மூன்றாம் ஜான் என்ற பெயரை எடுத்தார். அதே பெயரும் அதே எண்ணும் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தன. திருச்சபை மூன்றாகப் பிளந்து கிடந்த காலத்தில் பீசா தரப்பின் போப்பாக இருந்து, 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தால் பதவி நீக்கப்பட்ட பல்தசாரே கோசா. புளோரன்சின் திருமுழுக்கு மண்டபத்தில், தொனத்தெல்லோவும் மிக்கெலோட்சோவும் அமைத்த அவருடைய கல்லறையில், முன்னாள் போப் இருபத்து மூன்றாம் ஜான் என்றே இன்றும் பொறித்திருக்கிறது. ரொன்காலி அந்த எண்ணை எடுத்துக்கொண்ட கணத்தில், கோசா போப் வரிசையில் சேராதவர் என்ற தீர்ப்பு ஐந்து நூற்றாண்டு கடந்து உறுதியானது. இதற்கு நேர் எதிரான தீர்ப்பும் உண்டு. டென்மார்க்கை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மார்கரெத்தே, ஆளும் அரசி என்ற பட்டத்தை முறைப்படி பெற்றவரல்ல. 1972-இல் அரியணை ஏறியவர் தம்மை இரண்டாம் மார்கரெத்தே என்று அறிவித்தபோதுதான் அந்தப் பழைய மார்கரெத்தே ஐயத்துக்கு இடமின்றி முதலாமவர் ஆனார். இரண்டாமவர் வந்து முதலாமவரை அரசியாக்குகிறார். இரத்தம் முன்னிருந்து பின்னுக்கு ஓடும். இந்த அங்கீகாரமோ பின்னிருந்து முன்னுக்குப் போகிறது.

இரத்தம் என்ற பதிலை முழுதாகக் கவிழ்ப்பது சுவீடன். உப்சாலாவின் கத்தோலிக்கப் பேராயரான யோஹான்னஸ் மாக்னுஸ் எழுதிய வரலாறு, அவர் இறந்த பின் 1554-இல் ரோமில் அச்சானது. தம் நாட்டின் தொன்மையை நிலைநாட்ட அவர் பல மன்னர்களைக் கற்பனையில் உருவாக்கிப் பட்டியலில் சேர்த்திருந்தார். அந்தப் பட்டியலை நம்பித்தான் 1560-இல் ஆட்சிக்கு வந்தவர் பதினான்காம் எரிக் ஆனார்; அவருடைய தம்பி பின்னாளில் ஒன்பதாம் கார்ல் ஆனார். வரலாற்றில் உறுதியாகத் தெரியும் முதல் கார்ல், 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கார்ல் ஸ்வெர்கெர்சன். அவரை இன்று ஏழாம் கார்ல் என்கிறார்கள். முதல் ஆறு பேர் பிறக்கவே இல்லை. 1973 முதல் ஆளும் பதினாறாம் கார்ல் குஸ்தாவின் எண்ணிலும் அந்தப் பிறவாத ஆறு பேர் அடக்கம். அதனால் சுவீடனின் அரசுரிமைக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆறு பேர் கற்பனையான பின்னும் தொடர்ச்சி அறுபடவில்லை என்றால், அது முன்னோரின் உடலில் இருந்து வருவதில்லை என்பது தெளிவு.

அடுத்த பதில் சட்டத்திடமிருந்து வருகிறது. ஆறாம் எட்வர்ட் ஒன்பது வயதில் இங்கிலாந்தின் அரசரானவர். பருவம் வராத வயதில் லங்காஸ்டர் கோமரபுக்குச் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அது செல்லுமா என்ற கேள்வி 1561-இல், அவருடைய சகோதரி எலிசபெத்தின் காலத்தில், நீதிபதிகள் முன் வந்தது. செல்லும் என்றார்கள். அரசருக்கு இரண்டு உடல்கள்: ஒன்று நோயும் சிறுபிராயமும் சாவும் உள்ள இயற்கை உடல், மற்றது இவை எதுவும் தீண்டாத அரசியல் உடல். குத்தகை கொடுத்தது இரண்டாவது உடல். அதற்கு வயது கிடையாது. பிரான்சில் இதே எண்ணம் சடங்காக இருந்தது. 1547-இல் முதலாம் பிரான்சுவா இறந்தபோது, ஓவியர் குளுவே அவருடைய முகத்தைப் பார்த்து ஓர் உருவம் செய்தார். மகுடம் சூட்டி, செங்கோலும் வைத்து அதைக் கட்டிலில் கிடத்தினார்கள். வேளை தவறாமல் அதன் முன் மேசை விரித்து, கைகழுவ நீர் வைத்து, உயிருள்ள அரசருக்குப் பரிமாறுவதுபோலவே முழுச் சாப்பாடும் பரிமாறினார்கள். பிணம் அழுகும்; அரசருக்குப் பசிக்கும். இரண்டையும் ஒரே மாளிகையில் வைத்துக் காட்டிய சடங்கு அது. இந்த இரட்டை உடல் கொள்கை கிறிஸ்துவின் இரு இயல்புகள் பற்றிய இறையியலிலிருந்தும் திருச்சபையைக் கிறிஸ்துவின் உடலாகக் காணும் மரபிலிருந்தும் வளர்ந்தது என்பதை எர்ன்ஸ்ட் கன்டரோவிச் 1957-இல் விரிவாக எழுதினார். ஆனால் கொள்கை தொடர்ச்சியை விளக்குகிறதா, அதற்கு ஒரு பெயர் மட்டும் வைக்கிறதா? சாகாத உடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதை மதிக்கும் மக்களிடமும் அதன் பேரில் கையெழுத்திட முன்வரும் வாரிசிடமும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆன்மா தொடர்கிறது என்று சொல்லக் கிறிஸ்தவ மதமே இடம் தராது. ஒவ்வோர் ஆன்மாவும் தீர்ப்புக்குத் தனியே நிற்கிறது. பட்டமும் எண்ணும் உடன் வராது. 2011 ஜூலை 16 அன்று வியன்னாவில், ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசரின் மகன் ஒத்தோ ஹாப்ஸ்பர்க்கின் உடலைக் கப்புச்சின் துறவிகளின் நிலவறைக்குக் கொண்டுவந்தார்கள். கதவைத் தட்டியவர், உள்ளே வர விரும்புவது யார் என்ற கேள்விக்கு நீண்ட அரச பட்டங்களை வாசித்தார். அவரைத் தெரியாது என்றது உள்ளிருந்த குரல். இரண்டாம் முறை அவருடைய பதவிகளையும் விருதுகளையும் வாசித்தார்; அதே பதில். மூன்றாம் முறை, சாவுக்கும் பாவத்துக்கும் உட்பட்ட மனிதன் ஒத்தோ என்றார். கதவு திறந்தது. பெயரை உரிப்பதில் புரட்சியும் திருச்சபையும் ஒரே வேலையைத்தான் செய்தன, நோக்கம்தான் வேறு. பதினாறாம் லூயியை விசாரித்த பேரவை அவரை லூயி கப்பே என்று அழைத்தது. அது என் பெயரில்லை, என் முன்னோர் ஒருவரின் பெயர் என்றார் அவர். உண்மைதான், 987-இல் முடிசூடிய ஹ்யூ கப்பேயின் பெயர் அது. அரசனை உரித்தால் வெறும் மனிதன் கிடைப்பான் என்று நினைத்த புரட்சிக்காரர்கள்கூட, எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் பெயரால்தான் அந்த மனிதனைச் சுட்ட முடிந்தது.

தனிமனிதனின் அடையாளம் பற்றி யோசித்த தத்துவவாதிகளும் அரசர்களையே உதாரணம் காட்டினார்கள் என்பது தற்செயல் இல்லை. ஜான் லாக், 1694-இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஓர் இளவரசனின் நினைவுகளோடு கூடிய ஆன்மா செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால் அவன் யார் என்று கேட்டார். நினைவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்த ஆள். செய்த செயலுக்குப் பொறுப்பும் அந்த ஆளுக்கே என்பது அவர் முடிவு. டேவிட் ஹியூம் 1739-இல் இன்னும் ஒரு படி போய், மனித மனத்தையே ஒரு குடியரசுக்கு ஒப்பிட்டார். உறுப்பினரும் மாறலாம், சட்டங்களும் மாறலாம், ஆனாலும் அதே நாடு. லாக்கின் விடையில் எனக்கு வேண்டியது பொறுப்பு என்ற சொல். உடலை மட்டும் பார்த்தால் இது தீராது. பதினேழாம் லூயியின் உடலைக் கூறாய்வு செய்த மருத்துவர் அவனுடைய இதயத்தை எடுத்து வைத்திருந்தார். தாமே அந்தச் சிறுவன் என்று பின்னாளில் பலர் கிளம்பியதால், 2000-இல் அந்த இதயத்தின் மரபணுவைச் சோதித்தார்கள். மாரி அந்துவானெத்தின் தாய்வழி உறவோடு ஒத்துப்போனது. 2004-இல் அதை அரசர்களின் கல்லறையான சான் தெனியில் வைத்தார்கள். இறந்தது எந்தச் சிறுவன் என்பதைச் சோதனை தீர்த்துவிட்டது. அவன் அரசனா என்பதைத் தீர்க்கும் சோதனை கிடையாது. அவனை எண்ணிய ஒருவர் அவனுக்குப் பின் ஆண்டார் என்பதால்தான் அவனுக்கு எண் இருக்கிறது.

இப்போது பதினெட்டாம் லூயியின் சாசனத்துக்குத் திரும்பலாம். தேதியில் அவர் மறுத்த ஆண்டுகளை, உள்ளே இருக்கும் பிரிவுகளில் அவரே ஏற்றுக்கொள்கிறார். ஒன்பதாம் பிரிவு எல்லாச் சொத்துகளும் தீண்டப்படாதவை என்கிறது. புரட்சி பறிமுதல் செய்து விற்ற தேசிய நிலங்களும் அதில் அடக்கம். பதினோராம் பிரிவு, முடியாட்சி மீண்ட நாள் வரை யார் என்ன கருத்துச் சொன்னார், எப்படி வாக்களித்தார் என்று விசாரிப்பதைத் தடை செய்கிறது; அண்ணனைக் கொல்ல வாக்களித்தவர்களுக்கும் அது பொருந்தும். எழுபதாம் பிரிவு பொதுக்கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. ஆட்சியாண்டுக் கணக்கின்படி குடியரசு நடக்கவே இல்லை. ஆனால் அது விற்ற நிலம் வாங்கியவனுக்கே சொந்தம். பத்தொன்பது ஆண்டு ஆண்டதாகச் சொன்ன வரி அவரைப் பிரான்சின் அரசராக்கவில்லை. தமக்குப் பிடிக்காத இருபத்தைந்து ஆண்டுகளின் கடப்பாடுகளைத் தலையில் ஏற்றுக்கொண்ட அந்த மூன்று பிரிவுகள்தாம் அவரை அரசராக்கின. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸும் இதே வழியில் வந்தவர். தந்தையின் தலை வெட்டப்பட்ட 1649 ஜனவரியிலிருந்தே ஆட்சியை எண்ணியதால், நாடு திரும்பிய 1660-இல் வந்த சட்டங்கள் அவருடைய பன்னிரண்டாம் ஆண்டுச் சட்டங்கள் ஆயின. அவற்றில் முக்கியமான ஒன்று, சிலரைத் தவிர மற்ற எல்லாருக்கும் மன்னிப்பு வழங்கிய சட்டம். அகதியாகப் பாரிஸில் இருந்தபோது அவருக்குக் கணிதம் கற்பித்த தாமஸ் ஹாப்ஸ், வாரிசுரிமைதான் அரசுக்கு மனிதர் செய்து தரும் நிலைபேறு என்று 1651-இல் எழுதினார். செய்து தருவது என்றால், யாராவது செய்தாக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏற்பு மட்டும் போதும் என்றால் எந்தச் சூழ்ச்சிக்காரனும் ஏற்பதாகச் சொல்லி உள்ளே வரலாமே? 1852-இல் நெப்போலியனின் தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசர் ஆனார். இடையில் இரண்டாமவர் என்று அவர் கணக்கிட்டது, 1815-இல் சில நாட்கள் காகிதத்தில் மட்டும் பேரரசராக இருந்து, வியன்னாவில் 21 வயதில் இறந்த நெப்போலியனின் மகனை. ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸ், மன்னர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சகோதரர் என்ற சொல்லைத் தவிர்த்து நண்பர் என்றே அவருக்கு எழுதினார். ஜாரின் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அவர் தேடிய உரிமை தவறான இடத்தில் இருந்தது. எண்ணைப் போட்டுக்கொள்வது கோரிக்கை மட்டுமே. புகழை எடுத்துக்கொண்டு பாரத்தை விட்டுவிடுபவரின் கோரிக்கை காலப்போக்கில் தோற்கும். இதற்கு நேரான சான்று பதினெட்டாம் லூயியின் தம்பி பத்தாம் சார்லஸ். எண்ணில் குறையில்லை, 1825-இல் ரெய்ம்ஸ் பேராலயத்தில் பழைய முறைப்படி எண்ணெய்ப் பூச்சும் நடந்தது, கண்டமாலை நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கும் சடங்கைக்கூடச் செய்தார். ஆனால் அண்ணன் தந்த சாசனத்தின் பத்திரிகைச் சுதந்திரத்தை 1830 ஜூலையில் அவசர ஆணைகளால் நிறுத்தினார். மூன்று நாள் தெருச் சண்டையில் அரியணை போயிற்று. இரத்தம், எண், திருப்பூச்சு மூன்றும் இருந்தன. முன்னவர் கொடுத்த வாக்கை ஏற்கும் மனம் இல்லை.

பாரத்தை ஏற்பதன் இயல்பான வடிவத்தைப் பார்க்க நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியானுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசமானது. கோபன்ஹேகனில் 1513 முதல் 1972 வரை அரியணையில் இருந்தவர்கள் கிறிஸ்தியான், பிரெடெரிக் என்று மாறிமாறி வந்த இரண்டு பெயர்க்காரர்களே. தஞ்சையில் நாயக்கர் போய் மராத்தியர் வந்தார்கள். நான்காம் கிறிஸ்தியான் தொடங்கிய குடியேற்றத்துக்கு நான்காம் பிரெடெரிக் அனுப்பிய மறைப்பணியாளர் சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கினார். எட்டாம் கிறிஸ்தியான் காலத்தில், 1845-இல், ஆங்கிலேயக் கம்பெனிக்கு அது விற்கப்பட்டது. இருநூறு ஆண்டுக்கு மேல் இரு கரைகளிலும் ஆட்கள் மாறினார்கள். முதலில் கையெழுத்திட்டவர் செத்துவிட்டார், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பின்வந்த டேனிஷ் அரசர் யாரும் சொல்லவில்லை.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது. முன்னவரின் கடப்பாட்டை ஏற்பது என்றால் முன்னவரின் பாவத்தையும் சுமப்பதா? தந்தையின் குற்றத்துக்கு மகன் பொறுப்பாவதை எந்த நியாயமும் ஒப்பாதே? ஒப்பாதுதான். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவரோடு போகும். அதனால் விளைந்த கடன், சொத்தை அனுபவிப்பவர் இருக்கும்வரை இருக்கும். 2000 மார்ச் 12 அன்று ரோமில் இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பாவங்களை அவர் செய்யவில்லை. செய்தவர்களின் ஆன்மாவுக்கு அவர் பொறுப்பும் இல்லை. அவர்கள் அமர்ந்த அதே இருக்கையில் அமர்ந்திருந்ததால் கேட்டார். கேட்க மறுத்திருந்தால், அந்த இருக்கையின் புகழுக்கும் அவர் வாரிசாகியிருக்க முடியாது.

பெயரின் எண்ணே தேவையில்லை என்று காட்டியவர் நெதர்லாந்தின் இன்றைய அரசர். 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்டவர்கள் மூன்று வில்லெம்கள். 2013-இல் அரியணை ஏறியவர் நான்காம் வில்லெம் ஆவார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அந்த எண்ணை அவர் விரும்பவில்லை. வில்லெம் அலெக்சாந்தர் என்ற தம் பெயரிலேயே ஆட்சிக்கு வந்தார். ஆனால் டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த நாளின் 160-ஆம் நினைவு நாளான 2023 ஜூலை 1 அன்று, ஆம்ஸ்டர்டாம் பூங்கா ஒன்றில் அடிமைகளின் வழித்தோன்றல்கள் முன் நின்று அவர் மன்னிப்புக் கேட்டார். தம் முன்னோரான ஆரஞ்சு வம்சத்து ஆட்சியாளர்கள் அந்தக் கொடுமைக்கு எதிராக எதுவும் செய்யாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னார். மூன்றாம் வில்லெமுக்குப் பின் நான்காம் வில்லெம் என்று ஒருவர் வரவில்லை. ஆனால் மூன்று வில்லெம்களுக்கும் உண்மையான வாரிசு அன்று அங்கே பேசியவர்தான்.